அரிக்கொம்பன் அறிந்த பள்ளத்தாக்கு



2023 மே 27, சனிக்கிழமை. அன்று காலை கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டானை ஓடியதை இங்கிருப்பவர்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். ஆட்டோக்கள் சேதமாயின. நகரில் 144 தடை உத்தரவு போடப்பட்டது. அடிபட்ட ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார்.  யானையைப் பற்றிப் பேசும் எவரும் அந்த மரணத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த யானையின் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது: அரிக்கொம்பன். போடிமெட்டுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் சின்னக்கானல் அதன் ஊர். அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்ததால் அங்குள்ளவர்கள் வைத்த பெயர் அது. ஏப்ரல் 29 அன்று அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, மறுநாள் விடிவதற்குள் பெரியாறு புலிகள் காப்பகத்தின் உட்காட்டில் விட்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் அது கம்பத்துக்கு வந்துவிட்டது. இடையில் மேகமலைப் பக்கம் சுற்றியது. சுற்றுலாப் பயணிகளுக்கு மேகமலைச் சாலை மூடப்பட்டது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிப் பக்கம் போய், சண்முகாநதி அணைக்கட்டு வட்டாரக் காட்டில் சில நாள் நின்றது. ஜூன் 5 அதிகாலையில் சின்ன ஓவுலாபுரம் பக்கம் தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. பழக்கிய கும்கி யானைகள் அதை லாரியில் ஏற்ற, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாறு பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த நாட்களில் நாம் விடாமல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யானை இப்போது எங்கே? தொலைக்காட்சியும் அதைத்தான் கேட்டது. யானைக்கு என்ன தெரியும், அதன் காதிலும் மூக்கிலும் நம் கம்பம் பள்ளத்தாக்கு எப்படி விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்று அதைக் கேட்க விரும்புகிறேன். அதற்கு விடை தெரிந்திருந்தால் அந்தக் கோடையின் முடிவுகள் வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு விலங்கு எதை உணர்கிறது என்பதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? நமக்குப் பக்கத்திலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், அதற்கு ஒரு மரபு உண்டு. ஜெர்மனியில் உயிர்க்கடிகார ஆய்வில் பயின்று திரும்பிய பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் 1970-களில் அங்கே விலங்கு நடத்தை ஆய்வை ஊன்றினார். வளாகத்துக்கு அருகிலிருந்த குகையின் இலைமூக்கு வௌவால்கள் அவருடைய பாடப்புத்தகம். வெளிச்சமே எட்டாத, வெப்பமும் ஈரமும் மாறாத உட்குகையில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். பகலா இரவா என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் அந்திவேளையில் மற்ற வௌவால்கள் கூட்டமாக வெளியே பறக்கும் நேரத்தோடு கூண்டுக்குள் இருந்தவையும் ஒத்து இயங்கின. கூட்டமே இல்லாத தனிக் குகையில் வைத்தபோது அவற்றின் கடிகாரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. சூரியனைக் காணாத வௌவாலுக்குச் சக வௌவால்கள்தாம் பொழுதைச் சொல்லியிருக்கின்றன. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்கள் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் 1981-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. பின்னர் மாரிமுத்து ஜெர்மானிய அறிஞர் நாய்வைலருடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். கும்மிருட்டில் தவளையைப் பிடிக்கும் பெரிய வௌவால், அசையாத தவளையைச் சீண்டுவதில்லை. செத்த தவளையையே தரையில் இழுத்துச் சரசரப்பு எழுப்பினால் பாய்ந்து தூக்கிவிடுகிறது. பெரிய கருவிகள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேட்கும் பொறுமை வேண்டியிருந்தது.

மேகமலையைப் பற்றியும் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் 1948-இல் ஹைவேவிஸ் எனப்படும் இந்த மலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைச் சேகரித்தார். அது சாதாரண வகை என்று கருதப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இழுப்பறையில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே. சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். நம் மலையில் இருப்பதை நாமே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

யானைக்கு வருகிறேன். முதலில் மூக்கு.

மணங்களை இனம்காணும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் மனிதனிடம் சுமார் 400. மோப்பத்துக்குப் பேர்போன நாயிடம் சுமார் 800. ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000. ஜப்பானிய ஆய்வாளர் நீமுராவின் குழு 2014-இல் 13 பாலூட்டிகளை ஒப்பிட்டுக் கண்டது இது; அந்த வரிசையில் யானைதான் முதலிடம். மரபணு எண்ணிக்கை மட்டும் போதாது, மூக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். ஆய்வாளர் ஜோஷுவா பிளாட்னிக் தாய்லாந்தில் நம் ஆசிய யானைகளிடமே அதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார். மூடிய இரண்டு வாளிகளில் சூரியகாந்தி விதை, ஒன்றில் கொஞ்சம் அதிகம், இன்னொன்றில் கொஞ்சம் குறைவு. கண்ணால் பார்க்க வழியில்லை. யானைகள் துதிக்கையால் மோந்தே அதிகமுள்ள வாளியைத் தேர்ந்தெடுத்தன. உணவு இருக்கிறதா என்பதை மட்டுமல்ல, எங்கே அதிகம் என்பதையும் மணம் அவற்றுக்குச் சொல்கிறது.

இப்போது ஒரு ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரையும் மெலிந்த சுவரும் கொண்ட கட்டடம். உள்ளே மூட்டை மூட்டையாக அரிசி. நாம் பூட்டைப் போட்டுவிட்டுப் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். யானையின் மூக்குக்கு அந்தச் சுவர் இல்லவே இல்லை. சின்னக்கானலில் பன்னியார் தோட்டத்து ரேஷன் கடை மீண்டும் மீண்டும் உடைபட்டதில் வியப்பு எதுவும் இல்லை.

யானையின் மணவுலகத்தைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றில் தமிழ்நாட்டவர் ஒருவரின் கை இருக்கிறது. முதுமலை, ஆனைமலை யானைகளோடு வாழ்நாளைக் கழித்த வன கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் கே என்று எல்லோரும் அழைத்தவர், அமெரிக்க வேதியியலாளர் ராஸ்முசெனுடன் சேர்ந்து 2002-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இளங்களிற்றுக்கு முதன்முதலாக மதம் வரும்போது கன்னத்தில் ஒழுகும் நீர் தேன்போல் மணக்கிறது. முதிர்ந்த களிற்றின் மதநீர் கடுநாற்றம் அடிக்கிறது. இளையது தான் இளையது என்று மணத்தாலேயே அறிவித்து, பெரிய களிறுகளின் சண்டையிலிருந்து விலகிக்கொள்கிறது. மதநீர் ஒழுகும் களிற்றை வண்டுகள் மொய்ப்பதாக நம் பழம்புலவர்கள் பாடியதைக் கவிஞரின் மிகை என்றே வகுப்பில் கடந்துபோயிருக்கிறோம். அவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது காது. 1984-இல் கேட்டி பெய்ன் என்ற ஒலி ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சியகத்தில் ஆசிய யானைகளின் அருகில் நின்றுகொண்டிருந்தபோது காற்றில் ஒரு அதிர்வை உடம்பால் உணர்ந்தார். காதில் எதுவும் கேட்கவில்லை. பதிவுசெய்து ஆராய்ந்ததில் அவை 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகள் என்று தெரிந்தது. மனிதச் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. இத்தகைய தாழ்ந்த ஒலி மரம், புதர், மேடு எதற்கும் அதிகம் தேயாமல் கிலோமீட்டர் கணக்கில் போகும். லோயர்கேம்ப்பின் நீர்மின் நிலையம், குமுளி சாலையில் மலையேறும் லாரிகள், தோட்டங்களின் மோட்டார்கள் இவற்றின் அடிநாதம் எல்லாம் ஒரு யானைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்து யாரும் இங்கே அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டும்.

கண் அவ்வளவு கூர்மையில்லை. சிவப்பையும் பச்சையையும் யானை நம்மைப்போல் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் மனிதர்களை அது பிரித்தறிகிறது. கென்யாவின் அம்போசெலியில், யானைகளை ஈட்டியால் குத்தும் மாசாய் இளைஞர்கள் அணிந்த துணிக்கும் உழுதுண்ணும் கம்பா மக்கள் அணிந்த துணிக்கும் உள்ள மணவேறுபாட்டை யானைகள் உணர்ந்து, முன்னதற்கு மிக அதிகமாக மிரண்டு ஓடியதை 2007-இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 2014-இல் குரலிலும் அதையே கண்டார்கள்: மாசாய் ஆண்களின் குரல் கேட்டால் கூட்டம் ஒன்றாக ஒடுங்குகிறது, பெண்கள், சிறுவர்கள் குரலுக்கு அத்தனை அச்சமில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு கம்பத்தின் அந்தக் காலைக்குத் திரும்புவோம். நான்கு பக்கமும் கூட்டம். கத்தல், ஹாரன், சைரன். யானை ஒரு தோப்புக்குள் ஒதுங்கி நின்றபோது, தனியார் ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் அதன் தலைக்கு மேல் வந்தது. அது மறுபடி ஓடத் தொடங்கியது. தேனீக்களின் இரைச்சலைக் கேட்டால் யானைகள் விலகும் என்பதை 2007-இல் கென்யாவில் ஆய்வாளர் லூசி கிங் காட்டினார். இலங்கையில் ஆசிய யானைகளிடமும் பின்னர் அதே போக்கு காணப்பட்டது. தான்சானியாவில் பயிருக்குள் புகும் யானைகளை ட்ரோன் கொண்டே விரட்டுகிறார்கள். அந்த இயந்திரத்தின் இரைச்சல் அவற்றுக்குத் தேனீக்களை நினைவூட்டக்கூடும். யானையை ஓட வைக்கக் கூடாத ஓரிடத்தில், ஓட வைப்பதற்கென்றே மற்ற நாடுகள் பயன்படுத்தும் கருவியை ஒரு காணொளிக்காகப் பறக்கவிட்டிருக்கிறோம். அந்த மணிநேரங்களில் யானை ‘வெறிபிடித்து’ அலைந்ததாகச் செய்திகள் சொன்னதை என்னால் ஏற்க முடியாது. அது ஒளியவும் வெளியேறவும் வழி தேடியது. நாம் வழியை அடைத்துக்கொண்டே இருந்தோம்.

சரி, அரிசியை ஏன் தேடுகிறது? காட்டில் தீனி இல்லாததால் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், பிலிகிரி மலைக் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்தார். பயிரை மேய்வதில் பெண் யானைகளைவிடக் களிறுகளே மிக அதிகம் என்று கண்டு, மாதவ் காட்கிலுடன் சேர்ந்து 1988-இல் எழுதினார். காட்டுப் புல்லைவிட விளைபயிரில் புரதமும் சுண்ணாம்பும் உப்பும் கூடுதல். களிறு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு திடமாக வளர்கிறதோ அவ்வளவு காலம் மதம் நீடிக்கும். அவ்வளவு வாரிசு வாய்க்கும். குட்டிகளோடு நடக்கும் தாய் ஊருக்குள் வரத் தயங்கும். தனிக்களிற்றுக்குத் தயக்கம் குறைவு. உயிரைப் பணயம் வைத்துச் சத்துணவு தேடுவது அதன் இயல்பிலேயே இருக்கிறது.

அதே நிறுவனத்தில் சஞ்சீதா போகரேல் என்ற ஆய்வாளர் யானை லத்தியில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் எச்சங்களை அளந்தார். ஒரு யானையைத் தொடாமல், மயக்காமல் அதன் உள்நிலையை அறியும் வழி இது. பயிரில் மேயும் யானைகளுக்கு அழுத்தம் கூடுதலாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? கர்நாடகத்தில் அவர் அளந்தபோது அவற்றுக்குக் குறைவாகவே இருந்தது. நல்ல உணவு அந்த வாழ்க்கையின் பதற்றத்தை ஈடுகட்டியிருக்கலாம் என்று அவர் கருதுகிறார். வயலுக்கு வரும் யானையைப் பசியால் பைத்தியம் பிடித்தது என்றோ மனிதர்மேல் வஞ்சம் கொண்டது என்றோ பேசுவது எவ்வளவு தவறு என்பதை இந்த அளவீடு காட்டுகிறது. அது நிதானமாகக் கணக்குப் போட்டுத்தான் வருகிறது.

சின்னக்கானல் மக்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். போடி, தேவாரம், கோம்பையிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி மெட்டு கடந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இந்த அவையிலும் இருக்கலாம். உங்கள் வீடுகளில் கட்டாயம் இருப்பார்கள். பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் யானை நிற்பதை அறியாமல் நடப்பது அவர்களின் அன்றாடம். ஆனையிறங்கல் அணையைச் சுற்றிய புல்வெளிகள் காலங்காலமாக யானைகள் இறங்கி மேய்ந்த இடங்கள். அவற்றின் நடுவில் 2000-களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. இன்றும் அதன் பெயர் 301 காலனி. யானைக்குப் பயந்து பல குடும்பங்கள் விட்டுப்போய்விட்டன. 2023 ஜனவரியில், யானைகளிடம் பேசியே விலக்கிவிடுவார் என்று பெயரெடுத்த வனக் காவலர் ஒருவர் அந்த வட்டாரத்தில் யானை தாக்கி இறந்தார். மக்கள் சாலையில் இறங்கிப் போராடியதில் நியாயம் இருந்தது. நிலமற்ற பழங்குடிகளைக் கொண்டுபோய் யானைத் தடத்தில் இருத்திய முடிவுதான் இரு தரப்புக்கும் இழைத்த முதல் அநீதி.

அரிக்கொம்பனைப் பிடிப்பது பற்றிய வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிடித்துக் கொட்டிலில் அடைத்துக் கும்கியாக்குவது என்ற அரசின் திட்டத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி பரம்பிக்குளத்தில் விடச் சொன்னது. அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். பிறகு பெரியாறு என்று முடிவானது. சுதந்திரமாகப் பிறந்த விலங்கைக் கூண்டில் தள்ளக் கூடாது என்று நீதிபதிகள் நினைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் இடம் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு, கடல் கடந்த பக்கத்து நாட்டில் அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே விடை இருந்தது.

இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும், ஊருக்குள் வந்ததால் பிடித்து இடம்மாற்றப்பட்ட 12 களிறுகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டி 16 இடமாற்றங்களைத் தொடர்ந்தார்கள். தம் இடத்திலேயே விடப்பட்ட 12 களிறுகளோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2012-இல் வந்தன. சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பிவிட்டன. சில திசைதிசையாக அலைந்தன. சில புது இடத்தில் தங்கின. இரண்டு யானைகள் விடப்பட்ட தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே கொல்லப்பட்டன. மற்ற அத்தனையும் பூங்காக்களை விட்டு வெளியேறிவிட்டன. மனித மோதல் குறையவில்லை. புதிய ஊர்களுக்கும் பரவி, கடுமையும் கூடியது. யானைச் சாவுகளும் அதிகரித்தன. இதற்குமேல் தெளிவாக ஓர் ஆய்வு சொல்ல முடியாது. கம்பத்தில் நடந்ததை அது அப்படியே முன்கூட்டிச் சொல்லியிருந்தது.

ஏன் இப்படி என்றால், யானையின் தலைக்குள் ஒரு நிலப்படம் இருக்கிறது. நமீபியாவின் எட்டோஷா வறண்ட வெளியில் காலர் மாட்டிய யானைகள் எந்த நீர்நிலைக்குப் போவது என்று தீர்மானித்து நேரே நடப்பதை 2015-இல் கண்டறிந்தார்கள். சில சமயம் 50 கிலோமீட்டர் தொலைவிலிருந்தே. நம் வரைபடத்தைப் பாருங்கள். சின்னக்கானலிலிருந்து பெரியாற்றுக்கு லாரி சுற்றிப் போன சாலை நீளமானது. ஆனால் மலைமுகட்டை ஒட்டி வடக்கு நோக்கி நடந்தால் தேக்கடி, கூடலூர், கம்பம்மெட்டு, இராமக்கல்மேடு, சதுரங்கப்பாறை, அதையடுத்து அதன் ஊர். கம்பம் அந்த வழியின் ஓரத்தில் இருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை ஒரு மதயானை நகருக்குள் நுழைந்துவிட்டது. தன் மலையை நோக்கி நடந்த யானையின் குறுக்கே ஒரு நகரம் இருந்தது என்பதே அங்கு நடந்ததற்கு நெருக்கமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

இனி அதன் உடல்நலம். 37 நாள் இடைவெளியில் இரண்டு முறை மயக்க ஊசி, இரண்டு லாரிப் பயணம். யானையின் நுரையீரல் மற்ற பாலூட்டிகளைப் போல் நெஞ்சறைக்குள் தனித்துத் தொங்குவதில்லை. இணைப்புத்திசுவால் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மயங்கி நெஞ்சு பதியப் படுத்துவிட்டால் மூச்சு திணறும். அதனால்தான் நின்றபடியே இருக்குமளவுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கண்ணைக் கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். இந்த வேலையைச் செய்த மருத்துவர்களும் மாவுத்தர்களும் தங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள். அவர்கள் திறமையால்தான் யானை பிழைத்தது. ஆனால் துதிக்கையில் காயத்தோடு லாரியில் நின்ற அந்த உருவத்தைப் பார்த்தபோது, இதை ஒரு விலங்கிடம் இரண்டாம் முறை செய்ய வேண்டிய நிலையை ஏன் உண்டாக்கினோம் என்ற வேதனைதான் எனக்கு மிஞ்சியது.

விலங்கு நலம் என்ற பேச்சு தேனி மாவட்டத்துக்குப் புதிதல்ல. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு நடக்கும் மண் இது. 2014 மே 7-இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்கள் விரிவாகப் பேசப்பட்டன. பசி, தாகத்திலிருந்து விடுதலை, வலி, நோயிலிருந்து விடுதலை என்று போகும் அந்தப் பட்டியலில், அச்சத்திலிருந்தும் வேதனையிலிருந்தும் விடுதலை என்பது ஒன்று. தன் இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரம் இன்னொன்று. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாடு அரசின் திருத்தச் சட்டத்தை ஏற்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது 2023 மே 18 அன்று. அதற்கு ஒன்பது நாள் கழித்து அரிக்கொம்பன் கம்பத்துக்கு வந்தது. காளையின் அச்சத்தைப் பற்றி ஒன்பது ஆண்டு வாதாடிய நாம் யானையின் அச்சத்தைப் பற்றி ஒரு வாரம்கூடப் பேசவில்லை. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த உயிர் என்ன உணர்கிறது, அதை எப்படி அளப்பது? லத்தியிலும் சாணத்திலும் அளக்கலாம் என்று இப்போது நமக்குத் தெரியும். களத்தில் இறங்கும் காளைகளுக்கு அந்த அளவீட்டைச் செய்யத் தகுந்த இடம் இந்தப் பகுதியின் கல்லூரிகளே.

களிறு தனியன் என்ற எண்ணத்தையும் நாம் விட வேண்டும். தென்னாப்பிரிக்காவில், யானைக் கூட்டத்தைக் கொன்று குறைத்தபோது அனாதையான குட்டிகளைக் கொண்டுபோய்ப் பிலனெஸ்பர்க் பூங்காவில் விட்டார்கள். மூத்த களிறுகள் இல்லாமல் வளர்ந்த அந்த இளங்களிறுகள் 1990-களில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து சேர்த்ததும் அது நின்றுபோனது. நம் நாட்டில் நிஷாந்த் சீனிவாசய்யாவும் சுகுமார் உள்ளிட்டோரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பயிர்நிலமும் ஊரும் நிறைந்த பகுதிகளில் இளங்களிறுகள் பெரிய குழுக்களாகச் சேர்ந்து நிலையாக வாழத் தொடங்கியிருப்பதைக் கண்டார்கள். ஆபத்தான இடத்தில் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. ஒரு களிற்றை அதன் காட்டிலிருந்து எடுத்துவிடும்போது அது சார்ந்திருந்த ஓர் உறவுவலையும் அறுகிறது. அரிக்கொம்பன் போன பிறகும் சின்னக்கானலில் யானைகள் இருக்கின்றன, மனிதரும் இருக்கிறார்கள், அச்சமும் இருக்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் தோழர்களும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்துகாட்டிவருகிறார்கள். யானை தாக்கி இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று அவர்கள் ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். பெரும்பாலானோர் அங்கே யானை நிற்பதே தெரியாமல் போய் மோதியவர்கள். எனவே யானையை விரட்டுவதை விட்டுவிட்டு, யானை எங்கே நிற்கிறது என்பதை மக்களுக்குச் சொன்னார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, கைபேசிக் குறுஞ்செய்தி, தோட்டத்துச் சந்திகளில் உயரத்தில் சிவப்பு விளக்கு. அந்த விளக்கைக் கைபேசி அழைப்பின் மூலம் தொழிலாளர்களே போடலாம். மனிதச் சாவு குறைந்தது. யானைகளும் தங்கள் காட்டுத்துண்டுகளில் தொடர்ந்து நடக்கின்றன.

நம் மலைகளுக்கும் இது பொருந்தும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி சாலைகளில் தினமும் போகும் தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிக்கு அந்தச் செய்தி வர வேண்டும், ஜீப் கிளம்புவதற்கு முன்பே வர வேண்டும். மாநில எல்லை யானைக்கு இல்லை என்பதால் இரு மாநில வனத்துறையும் ஒரே எச்சரிக்கை அமைப்பில் இணைய வேண்டும். மேகமலையிலும் மலையடிவாரத்திலும் இருக்கும் ரேஷன் கடைகளில் அரிசியைக் கனத்த கான்கிரீட் அறையில், காற்றுப்புகாத கொள்கலனில் வைக்க வேண்டும். முடிந்தால் மாத அரிசியை ஒரே நாளில் இறக்கி ஒரே நாளில் வழங்கிவிட வேண்டும். ஓரிரவுகூட மூட்டைகள் அங்கே கிடக்கக் கூடாது. ஒரு யானையைப் பிடிக்க ஆகும் செலவை நினைத்தால் இதற்கு ஆவது மிகக் குறைவு. திருவில்லிபுத்தூர் - மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகத்துக்கான ஆய்வுத் திட்டங்களில் யானைகளின் நடத்தைக்கும் லத்தி ஆய்வுக்கும் தனி இடம் வேண்டும்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரிக்கொம்பனின் கழுத்தில் காலர் இருந்தது. அந்த மே, ஜூன் மாதங்களில் அது நின்ற இடமும் நேரமும் பதிவாகியிருக்கின்றன: பெரியாற்றுக் காடு, மேகமலை, கம்பம், சண்முகாநதி. அறிமுகமில்லாத நிலத்தில் ஒரு களிறு எங்கே நின்று, எப்போது திரும்பியது என்பதற்கு நம் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கும் அரிய பதிவு அது. மேல்கோதையாற்றுக்குப் போன பிறகும், அந்தச் செப்டம்பரில் மாஞ்சோலைத் தோட்டங்கள் வரை வந்து திரும்பியதும் அந்தக் காலரால்தான் தெரிந்தது. இந்தக் கல்லூரியின் விலங்கியல் துறை கேரள, தமிழ்நாடு வனத்துறைகளுக்கு முறைப்படி எழுதி, இந்தப் பதிவுகளை ஆய்வுக்குக் கேட்க வேண்டும். கிடைத்தால் அதன்மேல் நீர்நிலைகளையும் தோப்புகளையும் ரேஷன் கடைகளையும் அன்றைய காற்றின் திசையையும் குறியுங்கள். எந்தத் தோப்பு யாருடையது, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் ஓடும், எந்தச் சந்தில் இரவு விளக்கு எரியும் என்பது பெங்களூரில் இருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். விண்ணப்பக் கடிதத்தை எழுதுவதில் என் உதவி வேண்டுமென்றால், இந்தக் கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.